அளவான ஒலி

கெடா மாநிலத் தோட்டங்களில் ஒலி என்பது நெடுங்காலம் எல்லாருக்கும் பொதுவான ஒன்றாக இருந்தது. மாரியம்மன் கோயில் திருவிழா நெருங்கியதும், தென்னை மரத்தின் உச்சியிலோ நீண்ட கம்பத்திலோ கூம்பு வடிவ ஒலிபெருக்கியைக் கட்டுவார்கள். விடியும் முன்பே பக்திப் பாடல் ஒலிக்கத் தொடங்கிவிடும். லயத்து வீடு, பால் கொட்டகை, கோயில் திடல், தமிழ்ப்பள்ளி என எங்கு நின்றாலும் ஒரே பாட்டுத்தான் காதில் விழும். அது சில நாள்களே நீடிக்கும் கொண்டாட்டம். அதில் தோட்டத்து மக்கள் எல்லாருக்கும் பங்கு இருந்தது. ஆகவே, ஒலி கூடிவிட்டது என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

காலம் மாறியது. இரப்பர் மரங்கள் நின்ற பல இடங்களில் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. பீடோங், பாடாங் செராய், லூனாஸ் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்கள் சுங்கை பட்டாணி, கூலிம் போன்ற பட்டணங்களின் தாமான்களில் குடியேறின. 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவும் மற்றத் தொழிற்பேட்டைகளும் வேலை கொடுத்தன. அந்த வேலைக்குப் பகலும் உண்டு, இரவும் உண்டு. வரிசை வீடுகளில் ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் இடையே ஒரே ஒரு சுவர்தான். அந்தச் சுவருக்கு அப்பால் நண்பகலில் யாராவது உறங்கிக்கொண்டிருக்கலாம். எனவே, இன்று ஒரு வீட்டுக்குள் ஒலி எழுப்பும் கருவியை வாங்குவதென்றால், விலையை மட்டும் கேட்டால் போதாது.

இப்படிப்பட்ட ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். சுங்கை பட்டாணியின் ஒரு தாமானில் அந்தக் குடும்பம் வாழ்கிறது. அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர். அம்மா கூலிமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறார். காலையில் தொழிற்சாலைப் பேருந்தில் வந்து இறங்கி, சமைத்து வைத்துவிட்டு, பிற்பகல் நான்கு மணி வரை உறங்குவார். அக்காள் எஸ்.பி.எம். தேர்வுக்காக இரவில் படிக்கிறாள். தம்பி படிவம் நான்கில் பயில்கிறான். ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் பினாங்குக்கு வேலைக்குப் போகும்போது தம் பழைய மின்கித்தாரை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். கித்தார் வந்தது, அதை ஒலிக்கச் செய்யும் ஆம்ப்ளிஃபையர் வரவில்லை.

மூன்று தீபாவளிகளில் கிடைத்த அங்பாவ் பணத்தைச் சேர்த்து அவன் 350 ரிங்கிட் வைத்திருந்தான். ஊரில் பழைய பொருள் விற்கும் ஒருவரிடம் 100 வாட் ஆம்ப்ளிஃபையர் ஒன்று இருந்தது. அவர் கேட்ட விலையும் 350 ரிங்கிட்தான். இடுப்பு உயரத்துக்கு நின்ற அந்தப் பெட்டியைப் பார்த்ததும் அவனுக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. மே 16-ஆம் நாள் ஆசிரியர் தினம். பள்ளி மண்டபத்தில் நண்பர்களுடன் வாசிக்க வேண்டும். அந்தப் பெட்டி பின்னால் நின்றால் எப்படி இருக்கும் என்று அவன் எண்ணிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

பணத்தைக் கொடுக்கும் முன் பீடோங்கில் இருக்கும் மாமாவிடம் கேட்கும்படி அம்மா சொன்னார். மாமா இளமையில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் ஒருவரிடம் வேலை பார்த்தவர். தோட்டத் திருவிழாக்களுக்கு வயர் இழுத்தவர். இப்போது காற்றாடி, சோற்றுப்பானை, தொலைக்காட்சி முதலியவற்றைப் பழுது பார்க்கிறார்.

“என்ன மாப்பிள்ளை, எத்தனை வாட் வேண்டும்?” என்று கேட்டார் மாமா.

“நூறு வாட், மாமா. பத்து வாட் என்றால் பொம்மை மாதிரி இருக்கும் என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள்.”

“சரி. அதை எங்கே வைத்து வாசிக்கப் போகிறாய்?”

“என் அறையில்தான்.”

“பக்கத்து அறையில் யார் தூங்குகிறார்?”

அவன் பதில் சொல்லவில்லை. மாமா சிரித்துக்கொண்டே கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். ஒரு கருவியை வாங்கும் முன் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவருடைய வழக்கம்.

மின்கித்தாரின் உடல் பெரும்பாலும் திடமான மரக்கட்டை. மரக்கித்தாரின் உட்புறத்தில் இருக்கும் வெற்றறை இதற்கு இல்லை. எனவே, கம்பியை மீட்டினால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூட மெல்லிய ஒலிதான் கேட்கும். ஆனால், கம்பிகளின் அடியில் ‘பிக்கப்’ என்ற சிறு பாகம் இருக்கிறது. அதில் காந்தமும், தலைமுடி அளவே மெல்லிய செப்புக் கம்பியைப் பல ஆயிரம் முறை சுற்றிய சுருளும் உண்டு. எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் மாறுகிறது. சுருளில் மின்சாரம் தோன்றுகிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுதான். படிவம் ஐந்தில் இயற்பியல் பயிலும் மாணவர்கள் இதைப் பாடமாகவே படிக்கிறார்கள். இவ்வாறு தோன்றும் மின்னழுத்தம் பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. அதனால் ஓர் ஒலிபெருக்கியை அசைக்க இயலாது. அந்த நலிந்த மின்குறியைப் பெருக்கி, ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பை அசைக்கும் அளவுக்கு வலுவூட்டுவதே ஆம்ப்ளிஃபையரின் வேலை.

இங்கு ஒரு கேள்வி எழுகிறது. கித்தார் கற்கும் எல்லாருக்கும் ஆம்ப்ளிஃபையர் வேண்டுமா? வேண்டியதில்லை. தமிழ்த் திரைப்பாடல்களைக் கேட்டுக் கித்தார் மேல் ஆசை கொண்டவர்கள் பலர். 1982-இல் வெளிவந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில் இளையராஜா அமைத்த பாடல் ஒன்றின் தொடக்கக் கித்தார் இசை இன்றும் பலருக்கு மனப்பாடம். அது மரக்கித்தாரின் இனிய ஒலி. அத்தகைய இசையைத்தான் வாசிக்க வேண்டும் என்றால், ஒரு நல்ல மரக்கித்தாரே போதும். ஆம்ப்ளிஃபையருக்கான பணம் மிச்சமாகும். ஆனால், ஒலியை நீட்டி இழுக்கவும், கரகரப்பைச் சேர்க்கவும், இசைக்குழுவில் பறையோசைக்கு ஈடுகொடுக்கவும் விரும்புபவருக்கு மின்கித்தாரும் அதற்குரிய ஆம்ப்ளிஃபையரும் வேண்டும். அவன் கையில் ஏற்கெனவே மின்கித்தார் இருந்ததால், இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டது.

அடுத்தது வாட் கணக்கு. 100 வாட் ஆம்ப்ளிஃபையர் 10 வாட் ஆம்ப்ளிஃபையரைவிடப் பத்து மடங்கு உரக்க ஒலிக்கும் என்றே பலரும் நினைக்கிறார்கள். மனிதக் காது அப்படிக் கணக்கிடுவதில்லை. ஆற்றலை இரு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும். அந்த வேறுபாடு காதுக்குச் சற்றுத்தான் தெரியும். ஆற்றலைப் பத்து மடங்காக்கினால் 10 டெசிபல் கூடும். அப்போதுதான் ஒலி ஏறத்தாழ இரண்டு மடங்காகக் காதில் விழும். ஆகவே, 100 வாட் கருவி 10 வாட் கருவியைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு உரக்கக் கேட்கும். பத்து மடங்கு அன்று. 10 வாட்டுக்கும் 20 வாட்டுக்கும் இடையே விலை வேறுபாடு பெரிதாக இருக்கலாம். ஒலி வேறுபாடு அவ்வளவு பெரிதாக இராது.

ஓர் ஒலிபெருக்கிக்கு ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் 90 டெசிபல் ஒலி எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரணப் பேச்சொலி ஏறத்தாழ 60 டெசிபல்தான். மலேசியாவில் 2019-ஆம் ஆண்டின் இரைச்சல் ஒழுங்குமுறைப்படி, வேலையிடத்தில் ஒரு நாளைய இரைச்சல் 85 டெசிபலைத் தாண்டக் கூடாது. அப்படியானால், சிறிய படுக்கையறையில் ஒரு வாட்டே மிகுதி. பத்து வாட் கருவியின் ஒலித் திருகைக் காற்பங்கு திருப்பினாலே வீடு நிறைந்துவிடும். நூறு வாட் கருவி வைத்திருப்பவர் அதைத் திருப்பத் துணியாமல், முதற்கோட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார். இருக்கும் ஆற்றலில் பெரும்பகுதி பயன்படாமலே கிடக்கும்.

“பிறகு எதற்கு மாமா நூறு வாட் செய்கிறார்கள்?” என்று அவன் கேட்டான்.

கேள்வி நியாயமானது. அதற்கு வரலாற்றில் விடை இருக்கிறது. 1965 ஆகஸ்டு 15-ஆம் நாள் நியூயார்க் நகரின் ஷே விளையாட்டரங்கில் பீட்டில்ஸ் குழுவினர் வாசித்தார்கள். கூடியிருந்தவர்கள் ஐம்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். முன்பு அவர்கள் பயன்படுத்திய 30 வாட் ஆம்ப்ளிஃபையர் இரசிகர்களின் கூச்சலுக்கு ஈடுகொடுக்காததால், வாக்ஸ் நிறுவனம் அவர்களுக்காக 100 வாட் ஆம்ப்ளிஃபையர்களைச் செய்து கொடுத்தது. அதுவும் அன்று போதவில்லை. தாங்கள் வாசித்தது தங்களுக்கே சரியாகக் கேட்காத நிலையில் அவர்கள் வாசித்து முடித்தார்கள். பெரும் கூட்டத்துக்காகப் பிறந்த அந்தக் கருவியைச் சுங்கை பட்டாணியின் ஒரு சிறு அறைக்குள் வைத்தால், அதற்கு அங்கு வேலையே இல்லை.

மாமா தம் அனுபவத்திலிருந்து இன்னொன்றையும் சொன்னார். தோட்டத் திருவிழாவில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கிக்குக் கொடுத்த ஆற்றல் சில பத்து வாட்டுகள்தாம். ஆனால், அந்தக் கூம்பின் வடிவம் ஒலியைச் சிதறவிடாமல் ஒரே திசையில் செலுத்தியதால் அடுத்த தோட்டம் வரைக்கும் கேட்டது. ஒலியின் அளவை வாட் மட்டும் முடிவு செய்வதில்லை. ஒலிபெருக்கியின் திறனும் வடிவமும் அளவும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. சிறிய கித்தார் ஆம்ப்ளிஃபையர்களில் மூன்று அங்குலம் முதல் எட்டு அங்குலம் வரை விட்டமுள்ள ஒலிபெருக்கிகள் இருக்கின்றன. மூன்று அங்குலம் என்றால் பையில் வைத்துக்கொள்ளலாம். ஆனால், தடித்த கம்பிகளின் ஆழ்ந்த ஒலி மெலிந்து போகும். ஆறரை அங்குலமோ எட்டு அங்குலமோ இருந்தால் அந்த ஒலி முழுமையாகக் கேட்கும். எனவே, தொடக்கநிலை மாணவர் வாட் எண்ணைப் பார்ப்பதோடு ஒலிபெருக்கியின் அளவையும் பார்க்க வேண்டும்.

ஆம்ப்ளிஃபையர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, வெற்றிடக் குழாய்களைக் கொண்டது. மின்கித்தாரின் தொடக்கக் காலத்தில் இதுதான் இருந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வானொலி பழுது பார்க்கும் கடை நடத்திய லியோ ஃபெண்டர், 1940-களில் ஆம்ப்ளிஃபையர்களைச் செய்யத் தொடங்கிப் பின்னர் உலகப் புகழ் பெற்ற கித்தார்களையும் உருவாக்கினார். அவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது என்பது வியப்பான செய்தி. குழாய் ஆம்ப்ளிஃபையரின் ஒலியை இசைக் கலைஞர்கள் பெரிதும் விரும்புகிறார்கள். ஆனால், அது கனமானது, விலை அதிகம், குழாய்கள் தேய்ந்தால் மாற்ற வேண்டும். இரண்டாவது வகை டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர். 1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் உருவான பிறகு, சிறிய, மலிவான, எளிதில் கெடாத கருவிகளைச் செய்ய முடிந்தது. மூன்றாவது, கணினிச் சில்லைக் கொண்டு பலவகை ஆம்ப்ளிஃபையர்களின் ஒலியைப் போலச் செய்து காட்டும் இலக்கமுறை ஆம்ப்ளிஃபையர். ஒரே பெட்டியில் பத்து இருபது ஒலிகள் கிடைக்கும். புதியவர்களுக்கு இது வேடிக்கையாகவும் பயனாகவும் இருக்கும். ஆனால், விரல் பயிற்சிக்குரிய நேரம் பொத்தான்களைத் திருகுவதில் போய்விடவும் கூடும். முதல் கருவியாக வாங்க டிரான்சிஸ்டர் வகையோ, எளிய இலக்கமுறை வகையோ ஏற்றது.

எந்த வகையாக இருந்தாலும் இரண்டு துளைகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒன்று, ஹெட்போன் துளை. அதில் ஹெட்போனைச் செருகினால் ஒலிபெருக்கி அடங்கிவிடும். வாசிப்பவருக்கு மட்டும் கேட்கும். மற்றொன்று, கைப்பேசியை இணைக்கும் துளை. பாடலை ஒலிக்கவிட்டு அதனோடு சேர்ந்து வாசித்துப் பழகலாம். அந்தப் பழைய 100 வாட் பெட்டியில் இந்த இரண்டுமே இல்லை.

ஹெட்போன் இருந்தால் எவ்வளவு உரக்க வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்பதன்று. உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல்; சிறுவர்களுக்கு 75 டெசிபல். மூன்று டெசிபல் கூடும் ஒவ்வொரு முறையும், கேட்கத்தக்க நேரம் பாதியாகக் குறையும். பழுதுபட்ட கேள்வித்திறனை மீட்க முடியாது. இசை கற்கும் ஒருவருக்குக் காதைவிடப் பெரிய கருவி வேறு இல்லை.

மாமாவுக்கு அந்தப் பழைய பெட்டியின் மேல் வேறொரு ஐயமும் இருந்தது. இருவரும் அதைப் பார்க்கப் போனார்கள். மாமா முதலில் பின்பக்கத் தகட்டைப் படித்தார். 100 வோல்ட் என்று எழுதியிருந்தது. அது ஜப்பானில் பயன்படுத்துவதற்காகச் செய்யப்பட்டது. மலேசிய வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 முதல் 240 வோல்ட். தக்க மின்மாற்றி இல்லாமல் அதைச் சுவரில் செருகினால் கருவி எரிந்துபோகும். அடுத்து, பிளக்கைப் பார்த்தார். யாரோ ஒருவர் பழைய பிளக்கை வெட்டிவிட்டு, பச்சை மஞ்சள் நிற நிலக்கம்பியை இணைக்காமல், இரண்டு வயரை மட்டும் முறுக்கி நாடா சுற்றி வைத்திருந்தார்.

“மாப்பிள்ளை, கித்தார்க் கம்பி எதோடு சேர்ந்திருக்கிறது என்று தெரியுமா?” என்று கேட்டார் மாமா. “இந்தப் பெட்டியின் உலோகச் சட்டத்தோடு. உள்ளே ஒரு வயர் கழன்று சட்டத்தில் பட்டால், மின்சாரம் போவதற்கு நிலக்கம்பி இல்லை. அது உன் விரல் வழியாகத்தான் போகும்.”

அதன் பிறகு அவன் அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசவில்லை. விற்பவர் விலையை 300 ரிங்கிட்டாகக் குறைப்பதாகச் சொன்னபோதும் தலையை மட்டும் ஆட்டினான்.

பழைய ஆம்ப்ளிஃபையர் வாங்குவது தவறன்று. நல்ல நிலையில் இருந்தால் பாதி விலைக்கு நல்ல கருவி கிடைக்கும். ஆனால், சிலவற்றைச் சோதிக்க வேண்டும். மின்னழுத்தம் இந்நாட்டுக்கு ஏற்றதா? மூன்று முனைப் பிளக் சரியாக இருக்கிறதா? எரிந்த வாடை வருகிறதா? திருகுகளைத் திருப்பும்போது கரகரவென்ற ஒலி எழுகிறதா? கித்தார் இணைக்காத நிலையிலும் பலமான இரைச்சல் கேட்கிறதா? வயரை அசைத்தால் ஒலி விட்டுவிட்டு வருகிறதா? இவற்றுள் எதையும் பெட்டியைத் திறந்து சரி செய்ய மாணவர்கள் முயலக் கூடாது. குறிப்பாக, குழாய் ஆம்ப்ளிஃபையரின் உள்ளே இருக்கும் மின்தேக்கிகள், பிளக்கைக் கழற்றிய பின்னரும் சில நூறு வோல்ட் மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கக் கூடும்.

சட்டத்தின் பாதுகாப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வணிகம் செய்யும் கடைக்காரரிடம் வாங்கிய பொருள் குறையுள்ளதாக இருந்தால், 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கும். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை முன்வைக்கலாம். அதற்கான கட்டணம் ஐந்து ரிங்கிட்தான். வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால், கையில் பற்றுச்சீட்டு இருக்க வேண்டும். வணிகர் அல்லாத ஒரு தனியாளிடம் பழைய பொருளை வாங்கினால், இந்த வழி அடைபட்டுவிடும். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அரை நூற்றாண்டாகச் சொல்லி வருவதும், வாங்கும் முன் கேள்வி கேட்க வேண்டும் என்பதுதான்.

பணத்தின் கணக்கும் எளிதானதன்று. 2025 பிப்ரவரியில் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. மாதத்துக்கு 26 வேலை நாள் என்று கொண்டால், ஒரு நாளைய ஊதியம் 65 ரிங்கிட்டுக்குச் சற்று மேல். 350 ரிங்கிட் என்பது ஐந்து நாளுக்கும் மேலான உழைப்பு. அதனை முழுவதும் ஒரே பெட்டியில் போட்டுவிட்டால், கித்தாரையும் ஆம்ப்ளிஃபையரையும் இணைக்கும் வயர் வாங்கவும் பணம் இராது. புதிதாகக் கற்பவர்கள் பலர் மறந்துவிடும் செலவு இது. வயர், மாற்றுக் கம்பிகள், ஹெட்போன் இணைப்பி ஆகியவற்றுக்குக் கால் பங்குப் பணத்தையாவது ஒதுக்கி வைத்துவிட்டு, எஞ்சியதற்குள் ஆம்ப்ளிஃபையரைத் தேடுவது நல்லது. தவணை முறையில் பெரிய கருவியை வாங்கலாம் என்று விளம்பரங்கள் அழைக்கும். கற்கத் தொடங்கிய ஆர்வம் நிலைக்குமா என்று தெரியும் முன்பே மாதந்தோறும் கட்ட வேண்டிய கடனைத் தலையில் ஏற்றிக்கொள்வது அறிவுடைமை ஆகாது.

அன்று மாலை நான்கு மணிக்கு அம்மா எழுந்ததும், நடந்ததை அவன் சொன்னான். சிறிய கருவி வாங்கப் போவதாகச் சொன்னபோது அவன் குரலில் ஏமாற்றம் இருந்தது. அம்மா அதைக் கவனித்தார்.

“எனக்கு வாட் கணக்கெல்லாம் தெரியாதுப்பா,” என்றார் அம்மா. “நான் தூங்குகிறேன் என்று நீ கித்தாரைத் தொடாமல் இருப்பதும் எனக்குத் தெரியும். பள்ளிவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து, ஓசை வராமல் விரலை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கிறாய். எனக்குக் கேட்காமல், உனக்கு நன்றாகக் கேட்கிற மாதிரி ஒன்று இருந்தால் அதை வாங்கு. எனக்காக நீ வாசிக்காமல் இருக்காதே.”

ஆசிரியர் தின நிகழ்ச்சி பற்றிய கவலைக்கும் மாமாவிடம் விடை இருந்தது. பள்ளி மண்டபத்தில் ஒலிவாங்கியும் பெரிய ஒலிபெருக்கிகளும் இருக்கின்றன. சிறிய ஆம்ப்ளிஃபையரை ஒரு நாற்காலியில் வைத்து, அதன் முன்னால் ஓர் ஒலிவாங்கியை நிறுத்தினால், அதன் ஒலி மண்டபம் முழுவதும் கேட்கும். மேடைக் கலைஞர்கள் பலரும் செய்வது இதுதான். இரசிகர்களுக்குக் கேட்பது மேடையில் இருக்கும் சிறிய பெட்டியின் ஒலியன்று; அரங்கின் ஒலிபெருக்கி பெருக்கித் தரும் ஒலி. மேடைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என இரண்டு ஆம்ப்ளிஃபையர் வாங்க வேண்டியதில்லை.

அந்த வாரச் சனிக்கிழமை அவனும் மாமாவும் சுங்கை பட்டாணி நிலையத்தில் கொமுட்டர் இரயில் ஏறிப் பட்டர்வொர்த்துக்குப் போனார்கள். கித்தாரையும் உறையில் இட்டு எடுத்துச் சென்றார்கள். ஆம்ப்ளிஃபையரை அவரவர் கித்தாரில் வாசித்துப் பார்த்து வாங்குவதே சிறந்தது. கடையில் உள்ள விலையுயர்ந்த கித்தாரில் இனிமையாக ஒலிப்பது, வீட்டுக் கித்தாரில் அப்படி ஒலிக்காமல் போகலாம். கடைக்காரர் ஒலியைக் கூட்டிக் காட்டினார். மாமா அதைக் குறைக்கச் சொன்னார். வீட்டில் வாசிக்கப் போகும் அளவிலேயே கேட்க வேண்டும் என்றார். ஒலியைக் கூட்டினால் எல்லாப் பெட்டியும் நன்றாகத்தான் இருக்கும். குறைத்து வைத்தபோது ஒன்று மங்கிப்போனது, மற்றொன்று இரைந்தது, மூன்றாவது தெளிவாகப் பேசியது. அது 10 வாட். ஆறரை அங்குல ஒலிபெருக்கி. ஹெட்போன் துளையும் கைப்பேசித் துளையும் உண்டு. விலை 249 ரிங்கிட். வயர் 35, ஒரு கட்டுக் கம்பி 25, கைப்பேசியின் ஹெட்போனைப் பொருத்தும் இணைப்பி 10 ரிங்கிட். மொத்தம் 319 ரிங்கிட் ஆனது. மீதி 31 ரிங்கிட்டில் இரயில் கட்டணமும் இருவருக்கும் மதியச் சாப்பாடும் முடிந்தன. பற்றுச்சீட்டையும் உத்தரவாத அட்டையையும் அவன் பத்திரமாகக் கித்தார் உறைக்குள் வைத்தான்.

வீட்டில் ஒரு கால அட்டவணை உருவானது. பிற்பகல் இரண்டரை முதல் நான்கு வரை ஹெட்போன். நான்கரை முதல் ஆறு வரை ஒலிபெருக்கி. ஆனால், திருகு இரண்டாம் எண்ணைத் தாண்டாது. அக்காள் படிக்கும் இரவு நேரத்தில் மீண்டும் ஹெட்போன், அரை மணி நேரம் மட்டும். முதல் வாரத்தில் விரல் நுனிகள் சிவந்து வலித்தன. இரண்டாம் வாரத்தில் மூன்று சுரக்கோவைகள் கைவந்தன. மூன்றாம் வாரத்தில் ஒரு பாட்டின் முதற்பகுதியைத் தடங்கல் இல்லாமல் வாசித்தான். கூட்டாளிகள் வந்து சிறிய பெட்டியைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் வாசிக்கத் தொடங்கியதும் ஒருவன் கைப்பேசியை எடுத்துப் பதிவு செய்துகொண்டான்.

ஒரு மாதம் கழிந்தது. பக்கத்து வீட்டு மாக்சிக்கின் கணவரும் இரவு வேலைக்குப் போகிறவர். ஒரு நாள் மாலை, வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் அவர் கேட்டார்: “உங்கள் மகன் கித்தார்ப் பெட்டியைத் தூக்கி வந்தானே, அதற்கப்புறம் மதியத்தில் ஓசையே இல்லையே. விட்டுவிட்டானா?”

அம்மா திரும்பிச் சன்னலைப் பார்த்தார். உள்ளே அவன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தலையை மெல்ல ஆட்டியபடி வாசித்துக்கொண்டிருந்தான்.

“இல்லை, மாக்சிக்,” என்றார் அம்மா. “தினமும் வாசிக்கிறான்.”